மலையகப் படங்களுக்குப் பெயர் எழுதுவோம்: படத்தின் பின்கதையை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்பட வரலாற்றை எழுதுகிற எவரும் விட்டுவிட முடியாத பெயர் அது. இங்கிலாந்தில் இருந்தபோது சார்ல்ஸ் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலையும் படம் எடுத்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டத்து மக்களையும் கிராமத்து மக்களையும் எடுத்தார். அந்தப் படங்களில் சொற்பமே இன்று எஞ்சியிருக்கின்றன. டார்வின் படத்துக்குக் கீழே டார்வின் என்று இருக்கிறது. இங்கே எடுத்த படங்களில் நிற்பவர்களில் பெரும்பாலோர் யாரென்று தெரியாது. எழுதி வைக்கப்படவில்லை.

கொழும்பு ஸ்டூடியோக்களும் படம் எடுத்தன, பிறகு தபால் அட்டைகள் வந்தன, தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சான படங்கள் வந்தன. கூடை சுமந்த பெண் எல்லாவற்றிலும் இருந்தாள், பெயரில்லாமல். இன்று தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் போன் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் நல்ல படம் எடுக்கிறார்கள். ஆனால் படத்தின் கீழே பார்த்தால் "மலையகத் தாய்" என்றோ "பனியில் நனைந்த காலை" என்றோ ஒரு வரி மட்டும் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக மற்றவர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டியதில்லை. படத்தோடு அதன் கதையையும் எழுதப் பழகுங்கள். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்களுக்கும், இதுவரை நாலு வரி எழுதியிராதவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

எந்தப் படத்துக்குக் கதை எழுதுவது

இருப்பதிலேயே அழகான படத்தை எடுக்காதீர்கள். அழகான படம் பார்த்தவுடன் முடிந்துவிடும். பார்க்கிறவர் "இது யாரு? அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கக்கூடிய படத்தை எடுங்கள். போனில் இருக்கும் படங்களை ஒருமுறை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எந்தப் படத்தைப் பார்த்ததும், எடுத்த நேரத்துச் சத்தமும் குளிரும் யாரோ சொன்ன ஒரு பேச்சும் நினைவுக்கு வருகிறதோ, அதுதான் உங்களுக்கு முதல் படம்.

எல்லோரும் எடுக்கும் இடங்களிலும் கதை உண்டு, கேட்டால் கிடைக்கும். தலவாக்கலையிலிருந்து சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை எடுக்காதவர் இல்லை. மேல் கொத்மலை மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கி ஆற்று நீர் திருப்பப்பட்ட பிறகு அங்கே விழும் தண்ணீர் குறைந்துவிட்டது. அதற்கு முன் அந்த இரைச்சலோடு வாழ்ந்தவர்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பழைய சத்தத்தைப் பற்றிக் கேட்டு எழுதினால், ஆயிரம் பேர் எடுத்த காட்சி உங்கள் படமாகிவிடும். மவுசாக்கலை நீர்த்தேக்கமும் அப்படித்தான். வறட்சியில் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயில் வெளியே தெரியும். அதைப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். அந்தக் கோயிலில் கும்பிட்ட ஒருவரை அழைத்துப்போய்ப் பக்கத்தில் நிற்க வைத்து, எந்தப் பக்கம் கடைத்தெரு இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அணை 1960களின் கடைசியில் கட்டப்பட்டது. நகரம் நீருக்குள் போகுமுன் அங்கே நடமாடியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேட்டு எடுப்பது

கதை எழுதப்போகிறீர்கள் என்றால் அனுமதி வெறும் மரியாதைக்காகக் கேட்பது ஆகாது. அதிலிருந்துதான் கதையே தொடங்குகிறது. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா? கீழ ஒங்க பேரும் போடுவேன், சரியா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். படத்துக்குச் சரி சொல்லிப் பெயருக்கு வேண்டாம் என்பவர் உண்டு. பெயரைச் சொல்லி முகம் தெரிய வேண்டாம் என்பவரும் உண்டு. இரண்டையும் அப்படியே கேட்டு நடக்க வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். "நல்லா இல்ல தம்பி, அழிச்சிரு" என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள்.

நேரம் பார்ப்பதும் இதில் சேரும். கொழுந்து எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. நிரையில் நிற்பவரை நிறுத்தி, திரும்பச் சொல்லி, சிரிக்கச் சொன்னால் அவருடைய கிலோ குறைகிறது. அந்த நேரத்துக்கு விலை கொடுப்பவர் அவர்தான். மலையில் தூரத்திலிருந்து எடுங்கள். பேசுவதைச் சாப்பாட்டு நேரத்துக்கோ, மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்து முடிந்ததும் பெண்கள் கொஞ்சம் ஆறுதலாக நிற்பார்கள். நல்ல பேச்சு அங்கேதான் கிடைக்கும். தோட்டத்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலைக்குப் போனால் அங்கே வேலை செய்பவர்களுக்கும் தொல்லை வராது.

லயத்து வாழ்க்கையில் வீட்டின் உள்ளும் வெளியும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றால் காம்பரா (அறை) முழுவதும் தெரியும். தெரிகிறது என்பதற்காக எடுக்க உரிமை வந்துவிடாது. தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டவர் கமராவையும் கூப்பிட்டார் என்று நினைக்காதீர்கள். குளிக்கும் இடமான பீலிக்கரைப் பக்கம் கமராவை எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளை எடுத்தால் பெற்றோரிடம் கேளுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளிக்கூடம், லயம் மூன்றையும் ஒரே இடத்தில் எழுதாதீர்கள்.

ரம்பொடைப் பக்கமும் நுவரெலியாப் பாதையிலும் சுற்றுலா வாகனங்களைப் பார்த்துக் கூடையோடு வந்து நின்று, படத்துக்குக் காசு வாங்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு வேலை, கேட்ட காசைக் கொடுங்கள். ஆனால் கீழே எழுதும்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார் என்று எழுத வேண்டாம். வீதியோரத்தில் படத்துக்காக நிற்பவர் என்று எழுதுங்கள். ஏன் நிற்கிறார் என்று அவரிடம் கேட்டு எழுதினால் அது இன்னும் நல்ல கதை.

அங்கேயே குறித்துக்கொள்வது

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி போய்விடும். படத்தில் இருக்கும் நிறமும் முகமும் படத்திலேயே இருக்கும், அவற்றைக் குறிக்க வேண்டாம். படத்தில் வராததைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர், அவர் சொல்கிற விதத்திலேயே. எங்கள் மக்களில் நிறையப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது வேறொன்று. தோட்டத்து அலுவலகத்தில் யாரோ கேட்டதும் கேட்காததுமாக எழுதியதன் விளைவு அது. "எப்படி எழுதட்டும்?" என்று கேட்டு, எழுதியதைக் காட்டி, வாசித்தும் சொல்லுங்கள்.

அடுத்து இடம். "நுவரெலியா" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்றுதான் பொருள். தோட்டம், டிவிசன், முடிந்தால் மலையின், அதாவது அந்தத் தேயிலை நிலத்தின், நம்பர். ஒரே தோட்டத்துக்குப் பலகையில் ஆங்கிலப் பெயர் ஒன்றும் சனங்களின் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருப்பது வழக்கம். இரண்டையும் எழுதுங்கள். பலகைப் பெயர் அலுவலகக் காகிதத்தில் நிலைத்துவிடும். வாய்ப்பெயரை நாம் எழுதாவிட்டால் வேறெவரும் எழுதப்போவதில்லை.

பிறகு நேரம், மழையா வெயிலா, என்ன சத்தம், யார் பக்கத்தில் நின்றார், சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது. கடைசியாக, அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம், சொன்னபடியே. "விடியக்காலயில பெரட்டுக்கு போனா பொழுதுக்கும் மலைதான்" என்று ஒருவர் சொன்னால் அதை "அதிகாலையில் பணிக்குச் சென்றால் நாள் முழுவதும் தோட்டத்திலேயே இருக்க நேர்கிறது" என்று திருத்தி எழுதாதீர்கள். பெரட்டு (வேலைக்கு ஆள் கூடுவது), படங்கு (இடுப்பில் கட்டும் சாக்கு), மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), கவ்வாத்து (செடி வெட்டுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளை விடும் இடம்) என்று எங்கள் ஊர்ப் பேச்சில் இருப்பவை அப்படியே வரட்டும். வெளியூர் வாசகருக்கு விளங்காது என்று பயந்தால், விளங்கும்படி அடுத்த வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம்.

எழுத நேரமில்லையென்றால் பாதைக்கு இறங்கியதும் போனில் குரலைப் பதியுங்கள். அவருடைய குரலையே பதிவதானால் கேட்டுவிட்டுப் பதியுங்கள். மழை நாளில் கொப்பிக்குப் பேனாவைவிடப் பென்சில் நல்லது.

எழுத உட்காரும்போது

மலையகப் படங்களின் கீழே இரண்டு வகை எழுத்துத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று அழகு: பச்சைக் கம்பளம், மேகம் தவழும் மலைமுகடு, குட்டி இங்கிலாந்து. மற்றது இரக்கம்: இரத்தமும் வியர்வையும், அட்டைக்கடி, விடியாத வாழ்வு. அழகைச் சொல்லும் எழுத்தில் மனிதர் இல்லை. இரக்கத்தைச் சொல்லும் எழுத்தில் மனிதர் இருக்கிறார், ஆனால் எல்லோரும் ஒரே மனிதராக இருக்கிறார். கஷ்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, கூலியும் வீடும் காணியும் இன்னும் தீராத கேள்விகள்தான். இந்தப் படத்தில் இருக்கும் இந்த ஒருவர் அன்று அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதினால் கஷ்டமும் அதற்குள் தானாக வரும், நாம் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. கொழுந்து மலையில் ஒரு பெண் சிரிக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"மலையன்னையின் மடியில் இரு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் எங்கள் தாய். வறுமையிலும் மாறாத அவள் புன்னகை!"

இதையே குறிப்பெடுத்து எழுதினால், பெயருக்கு இடம் விட்டு, இப்படி வரலாம்:

"______ அக்கா முதுகில் போட்டிருப்பது கூடை இல்லை. உரம் வந்த பையைக் கழுவித் தானே தைத்துக்கொண்டது. கூடை பாரம், இது மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும் என்கிறார். மழை இப்போதுதான் விட்டது, இடுப்பில் கட்டிய படங்கில் தண்ணீர் வடிகிறது. அவர் சிரிப்பது கமராவைப் பார்த்து இல்லை. அடுத்த நிரையிலிருந்து நாத்தனார், 'அண்ணி, தலைய சீவிக்கிட்டு நில்லுங்க, பேப்பர்ல போடப்போறாங்க' என்றார், அதற்குத்தான் சிரித்தார். நாத்தனார் தன்னை எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் படத்தில் இல்லை."

இரண்டாவதில் வறுமை என்ற சொல் இல்லை, உழைப்பு என்ற சொல்லும் இல்லை. பையைப் பற்றிய ஒரு வரியில் அந்த வேலை முழுவதும் இருக்கிறது. படத்தில் இல்லாத நாத்தனாரால்தான் படத்தில் இருக்கும் சிரிப்புக்குக் காரணம் தெரிகிறது. இதைத்தான் பின்கதை என்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப எழுதாமல், தெரியாததை எழுதித் தெரிவதை விளக்குவது.

தொடங்கும்போது "இது நான் கடந்த வாரம் ஹப்புத்தளை போனபோது எடுத்த படம்" என்று தொடங்காதீர்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்பதும் பெரும்பாலும் தேவையில்லை. படத்தில் இருப்பவரிலிருந்தோ, படத்துக்கு வெளியே இருந்த ஒன்றிலிருந்தோ தொடங்குங்கள். முதல் தடவை 150 சொற்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வருணனைச் சொற்களை எல்லாம் ஒருமுறை அடித்துவிட்டு வாசியுங்கள். எது இல்லாமல் குறைகிறதோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள்.

கமரா விபரம் எவ்வளவு போடுவது என்று பலரும் கேட்கிறார்கள். கடைசியில் ஒரு வரி போதும். ஆனால் நீங்கள் வேண்டுமென்று எடுத்த ஒரு முடிவு படத்தை மாற்றியிருந்தால் அதைக் கதைக்குள்ளேயே சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் கைகளின் வேகத்தைக் காட்ட ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கினால் முகம் தெளிவாகவும் விரல்கள் கலங்கியும் வரும். 1/500 வைத்தால் விரல்கள் உறைந்துபோய், சும்மா இலையைத் தொட்டுக்கொண்டிருப்பது போல் இருக்கும். முதலாவதைத் தேர்ந்த காரணம் அந்த வேலையைப் பற்றிய செய்தி, ஆகவே எழுதலாம். பனிமூட்டத்தில் கமரா தானாக அளந்தால் வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும், ஒளியளவை +1 வரை ஏற்றினால் சரிவரும் என்பது உங்கள் கொப்பியில் இருக்க வேண்டிய செய்தி, கதையில் வேண்டாம்.

கேட்டதையும் தெரிந்ததையும் பிரித்து எழுதுங்கள்

மலையகத்தில் எடுத்த படத்துக்குப் பின்னால் வரலாறு உடனே வந்து நிற்கும். அதில் தவறினால் நல்ல கதையும் கெட்டுப்போகும். தேயிலை என்றதும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது நிலைத்த செய்தி. அதற்கு முன் கோப்பிக் காலம். 1869 இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டு, பிறகு கோப்பியே அழிந்து தேயிலை எங்கும் பரவியது. புகையிரதம் நானுஓயாவுக்கு 1885 இலும் பதுளைக்கு 1924 இலும் வந்தது. பட்டிப்பொளைதான் மிக உயரமான நிலையம். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிந்தது. இரும்பே சேர்க்காமல் கட்டியது என்று பாலத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை எழுதினால் ஊரில் சொல்கிறார்கள் என்றே எழுதுங்கள். சம்பளம், விலை இவற்றை எழுதினால் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, பிறகு மாறியது. ஆண்டு இல்லாத தொகை சில வருடங்களில் பொய்யாகிவிடும்.

பாட்டி சொன்ன கதையைப் பாட்டி சொன்னதாக எழுதுங்கள். "எங்க தாத்தாவோட அப்பா மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தாரு" என்று ஒருவர் சொன்னால், அது அவர் குடும்பத்து நினைவு. அதற்குப் பக்கத்தில் 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு 2023 இல் மலையகம் 200 நினைவுகூரப்பட்டதையும், அந்த ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து வந்ததையும் சேர்க்கலாம். ஒன்றை மற்றதற்கு ஆதாரமாக்க வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே போதும்.

வீட்டில் இருக்கும் பழைய படங்கள்

புதிதாக எடுப்பதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவரையும் தகரப்பெட்டியையும் பாருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் முடிவானது. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக விட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில். போவதற்கு முன் ஹட்டனிலோ பதுளையிலோ ஸ்டூடியோவுக்குப் போய்க் குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. திரைச்சீலைக்கு முன்னால், ஒரு நாற்காலியில் அப்பா, பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நிற்கும் பிள்ளைகள். அந்தப் படங்களில் இருப்பவர்களைக் கண்டு சொல்லக்கூடியவர் இன்று வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

செய்முறை எளிது. படத்தைச் சட்டத்திலிருந்து எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடேயே படம் எடுத்துக்கொள்ளலாம். இஸ்தோப்பில் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, போனைச் சரிசமமாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்புறத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கலாம். பிறகு அம்மாயியை (பாட்டியை)ப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் கேளுங்கள்: யார், உங்களுக்கு என்ன முறை, இப்போது எங்கே, இந்தச் சட்டை யாருடையது. சட்டையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் எடுக்க உடுப்பு இரவல் வாங்கிய கதை பல வீடுகளில் உண்டு. அந்த ஒரு கேள்வியில் பேச்சு திறந்துகொள்ளும். அழுதால் கொஞ்ச நேரம் விடுங்கள். பதிவையும் நிறுத்துங்கள்.

கூத்தும் திருவிழாவும்

மாசியில் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு முதல் நாள் இரவே போய்ப் படம் எடுக்காதீர்கள். கூத்து வாத்தியாரைக் கண்டு பேசிவிட்டு வாருங்கள். எந்தக் கட்டத்தை எடுக்கலாம், எதற்குக் கிட்டப் போகக்கூடாது என்று அவர் சொல்வார். அது ஆட்டம் மட்டும் இல்லை, நேர்த்தியும் விரதமும் சேர்ந்தது. பிளாஷ் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்றினால் இப்போதைய கமராக்கள் தாங்கும், கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. கதையில் ரதி, மன்மதன் என்று மட்டும் எழுதாமல், ரதியாக நின்றவர் பகலில் என்ன வேலை செய்கிறார், யாரிடம் பழகினார், தப்பு அடித்தவர் யார் என்று எழுதுங்கள். மேளக்காரர்களின் பெயர் எப்போதும் விடுபட்டுப்போகிறது. அவர்களை முதலில் கேளுங்கள்.

துயரம் நடந்த இடத்தில்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுண்டன. மழைக்காலம் வந்தால் மலையகத்தில் எங்காவது மண் சரியும் பயம் இன்றும் இருக்கிறது. அப்படி ஒரு இடத்தில் நீங்கள் இருக்க நேர்ந்தால் முதலில் கை கொடுங்கள், கமரா பிறகு. சடலத்தையும், அழுகையில் தன்னை மறந்திருக்கும் ஒருவரின் முகத்தையும் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சரிந்த மலை, பிளந்த சுவர், சேற்றிலிருந்து எடுத்து வைத்த பாத்திரங்கள் என்று இவற்றைத் தேதியோடும் இடத்தோடும் எடுத்து வையுங்கள், பின்னால் சாட்சியாகப் பயன்படும். கதையை அன்றே எழுத வேண்டியதில்லை. சில மாதம் கழித்துப் போய், அங்கே வாழ்பவர் பேச விரும்பினால் கேட்டு எழுதலாம்.

முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும் மற்றவர்களுக்குக் காட்டுமுன் படத்தில் இருப்பவரிடம் போங்கள், அல்லது போனில் வாசித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்பார், "அது என் மச்சான் இல்ல, கொழுந்தன்" என்பார். திருத்துங்கள். ஒரு விபரத்தை எடுத்துவிடச் சொன்னால், அதுதான் கதையில் நல்ல இடம் என்று உங்களுக்குத் தோன்றினாலும் எடுத்துவிடுங்கள். சம்பளத்தையோ தோட்டத்து நிர்வாகியான துரையையோ பற்றி அவர் சொன்ன ஒரு சொல்லால் நாளைக்கு அவருக்கு வேலையில் சிக்கல் வரலாம். அதை எடைபோட வேண்டியவர் அவர். நம் எழுத்துக்காக அவர் விலை கொடுக்கக்கூடாது.

அடுத்து நாலு பேர் கூடிய இடத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். வாசகசாலை, பள்ளி மண்டபம், ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வீட்டு இஸ்தோப்பு, எதுவும் போதும். படம் எடுக்கும் நண்பர்கள் ஆளுக்கொரு அச்சுப் படத்தோடு வரட்டும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். பார்ப்பவர் எங்கே விரலை வைத்துக் கேட்கிறாரோ அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பெரியவர்கள் இருந்தால் நல்லது. "அந்த மலை இப்ப தேயிலை, முந்தி சவுக்கு" என்று ஒருவர் சொல்வார். அதையும் குறித்துச் சேருங்கள்.

தொலையாமல் வைத்திருக்க

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதனுள் பதிந்த தேதி, நேரம், கமரா விபரம் எல்லாம் நீங்கிவிடும், அளவும் குறையும். நண்பருக்கு மூலப்படம் வேண்டுமென்றால் டொக்கியூமெண்டாக அனுப்புங்கள். லயத்திலும் வீட்டிலும் எடுக்கும்போது போனில் இடம் பதிவதை நிறுத்திவிடுங்கள், இடத்தின் பெயரைக் கையால் எழுதிக்கொள்ளலாம். கமராவின் கடிகாரம் சரியா என்று அடிக்கடி பாருங்கள். பெட்டரி முழுக்க இறங்கினால் சில கமராக்களில் தேதி பின்னுக்குப் போய்விடும்.

கதையை யுனிகோடில் தட்டச்சுங்கள். அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு புழங்குகிறது. பாமினியில் அடித்தது வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. டிஜிகேம், லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் படத்துக்குள்ளேயே விளக்கம் எழுதும் பெட்டி உண்டு, அதில் தமிழிலேயே எழுதலாம். அப்படி எழுதினால் படம் எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், தோட்டத்தின் பெயர் என்ற வரிசையை வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. ஒரு பிரதி போனில், இன்னொன்று கணினியில், மூன்றாவது வேறொருவர் வீட்டில்.

அச்சுப்படம் ஒன்றைப் படத்தில் இருப்பவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், தேதி எழுதுங்கள். பேனா மை எங்கள் ஊர் ஈரத்தில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். சட்டம் போட்டுக் கொடுப்பதானால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் சுற்றிவர ஒரு அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரிரு மழைக்காலத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் புகை போகும் சுவரில் மாட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.